நான்காவது கொக்கி

நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நான் வாரத்தில் ஒரு நாள்தான் தொம்மலூர் வீட்டுக்கு வருவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் ஓடிவந்து கேட்பாள்: “வண்டில ஏறினியாப்பா?” அவள் கேட்டால் சின்னவனும் கேட்பான். “இன்னும் இல்லம்மா. அடுத்த மாசம்” என்பேன். அடுத்த மாதம் வந்ததும் மறுபடியும் அடுத்த மாதம் என்பேன். பிறகு ஒரு நாள் நீங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்கள். பிள்ளைகள் அப்படித்தான், வேறு விளையாட்டு கிடைத்துவிடும். ஆனால் அந்த அடுத்த மாதம் ஏன் வரவில்லை என்று நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. எழுதத் தெரிந்த அளவுக்கு இப்போது எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு பீன்யா பக்கத்து ஃபயர் ஸ்டேஷனில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. உங்கள் அம்மா தொம்மலூர் பக்கம் கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள், உங்கள் பள்ளிக்கூடமும் அங்கேதான். அதனால் நீங்கள் அந்தக் கோடியிலும் நான் இந்தக் கோடியிலுமாக இருந்தோம். ஸ்டேஷன் மாடியில் ஒரு இரும்புக் கட்டில்தான் என் வீடு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் மாறி நான் உங்களிடம் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும்.

வண்டி நிற்கும் கொட்டகையின் பின்சுவரில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கும். வண்டியில் ஏறுகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர். கொக்கியில் ஹெல்மெட் தொங்கும், பக்கத்துக் கம்பியில் கோட்டு தொங்கும், கீழே கம்பூட்ஸ் நிற்கும். மணி அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் கை தன் கொக்கிக்குத்தான் போகும். நான்காவது கொக்கி என்னுடையது. வண்டியில் பின்சீட்டில் இடது கதவோரம் என் இடம். போய் இறங்கியதும் பைப்பின் நுனியில் இருக்கிற பித்தளைக் குழாயைப் பிடிப்பது என் வேலை. அந்தக் குழாயை நாங்கள் பிராஞ்ச் என்போம். தண்ணீர் வரும் வேகத்தில் அது ஆளையே தூக்கப் பார்க்கும். அதை அடக்கிப் பிடிக்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தக் கொக்கிகளுக்கு எங்கள் ஸ்டேஷனில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கார் புத்தகத்தில் அது இல்லை. ஒருவனுடைய ஹெல்மெட்டை அவன் தவிர வேறு யாரும் கொக்கியிலிருந்து எடுக்கக்கூடாது. லீவில் போனாலும் அது அங்கேயே தொங்கும். டிரான்ஸ்ஃபர் ஆனால், போகிற நாளில் அவனே கழற்றுவான். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். பிறகு எல்லோரும் ஒரு டீ குடித்துவிட்டு அனுப்பிவைப்பார்கள். ஒருவர் மாரடைப்பில் தவறிப்போனபோது, காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவியை ஆட்டோவில் கூட்டிவந்து அந்த அம்மா கையால் எடுக்கச் சொன்னார்கள். அதுவரை அந்த ஹெல்மெட்டில் தூசி படிந்தது. துடைக்கக்கூட யாரும் கை வைக்கவில்லை.

எனக்கு அடிபட்டது நெருப்பில் இல்லை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் “எங்கப்பா நெருப்புல குதிச்சாரு” என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் அதைத் திருத்தவில்லை. நடந்தது இதுதான். ஒரு மரத்தில் மாஞ்சா நூலில் பருந்து ஒன்று மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதாக போன் வந்தது. பட்டம் விடுகிற மாதங்களில் இப்படி நிறைய வரும். ஏணி வைத்து ஏறினேன். நூலை அறுத்தேன். பருந்து விடுபட்ட வேகத்தில் என் முகத்தில் இறக்கையால் அடித்துவிட்டுப் பறந்தது. நான் கீழே விழுந்துவிட்டேன். வலது குதிகால் எலும்பு நொறுங்கிப்போனது.

எங்கள் டிரைவர் சிவாஜிநகர்காரர், பாய். தமிழும் கன்னடமும் உருதும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஆஸ்பத்திரியில் என் காலைப் பார்த்துவிட்டு, “அரே, பருந்து பறந்துச்சா இல்லியா? அத சொல்லு மொதல்ல” என்றார்.

“பறந்துடுச்சு பாய்.”

“அப்ப கேஸ் சக்சஸ். நீ சும்மா அழுவாத” என்றார். ஆனால் கட்டுப் போடும்வரை என் தலைமாட்டிலேயே நின்றார்.

கட்டுப் பிரித்த பிறகு எனக்கு லைட் டியூட்டி கொடுத்தார்கள். அதாவது வாட்ச் ரூம். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, ஒரு மேஜை, போன், மணிக்கு ஒரு ஸ்விட்ச், சுவரில் ஒரு கரும்பலகை. போன் வந்தால் எங்கே, என்ன எரிகிறது என்று கேட்டு, மணியை அடித்து, ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்ல வேண்டும். மெடிக்கல் போர்டு பார்த்து ‘ஃபிட்’ என்று சொல்லிவிட்டால் திரும்ப வண்டிக்குப் போகலாம். அதைத்தான் நான் உங்களிடம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் உட்கார்ந்த முதல் நாளே போன் வந்தது. மணியை அடித்தேன். அடித்த கையோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நொண்டிக்கொண்டே ஓடி, நான்காவது கொக்கியில் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்து, ஒரு கால் கம்பூட்ஸுக்குள் போனபோதுதான் வலித்தது. பாய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார்.

“ஏன் குரு, எங்க பொறப்ட்டே?” யாரையும் அவர் குரு என்றுதான் கூப்பிடுவார்.

நான் கம்பூட்ஸிலிருந்து காலை உருவினேன்.

“எங்க எரியுதுன்னு இன்னும் சொல்லல நீ. அட்ரஸ் சொல்லுப்பா, மணியடிச்சான் மகாராஜா!”

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்ரஸைச் சொன்னேன். வண்டி போய்விட்டது.

வண்டி போன பிறகு ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, எப்போதும் நான் அந்த வண்டிக்குள் இருந்தேனே. கொட்டகை திடீரென்று பெரிதாகிவிடும். டீசல் புகை கொஞ்ச நேரம் நிற்கும். கேரம் போர்டில் காய்கள் அப்படியே கிடக்கும், யாரோ அடிக்கக் குறிவைத்த ஸ்ட்ரைக்கர் கோட்டின் மேலேயே இருக்கும். டீ டம்ளரில் பாதி டீ ஆறிக்கொண்டிருக்கும். கம்பூட்ஸ் மாட்ட உதறிவிட்ட செருப்புகள் மூலைக்கொன்றாய்க் கவிழ்ந்து கிடக்கும். முதல் நாள் வேறு ஒன்றும் தோன்றாமல் அந்தச் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வண்டி போகும், நான் செருப்புகளைச் சேர்ப்பேன், போன் பக்கத்தில் போய் உட்காருவேன். திரும்பி வருகிறவர்கள் உடம்பெல்லாம் கரியும் தண்ணீருமாக, அங்கே நடந்ததைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். “ஷட்டர ஒடச்சோம் பாரு…” என்று ஒருவன் ஆரம்பித்தால் இன்னொருவன் முடிப்பான். அந்தப் பேச்சில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இருக்காது. போன் செய்த ஆள் என்ன சொன்னான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்பதில்லை.

வாட்ச் ரூமில் இன்னொரு வேலையும் உண்டு. தினமும் காலையில் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒருவர் போன் செய்வார். முதலில் “எல்லாம் சரியா?” என்று கேட்பார். வண்டி சரி, தண்ணீர் சரி, ஆட்கள் சரி என்று சொல்ல வேண்டும். பிறகு அன்றைய ஆர்டர்களைச் சொல்லுவார். யாருக்கு டிரான்ஸ்ஃபர், யாருக்கு புரமோஷன், யாருக்கு லீவு சாங்ஷன், எந்த ஸ்டேஷனில் யார் ரிட்டயர்டு, யார் வீட்டில் கல்யாணம், யார் தவறினார் எல்லாம் அதில் வரும். ஊர் முழுக்க இருக்கிற ஸ்டேஷன்களின் சேதி. அதை நான் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, எல்லோரும் வரிசையில் நிற்கும் ரோல் காலில் படிக்க வேண்டும். கன்னட எழுத்து எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பழக்கம், வளைவுகள் கொஞ்சம் கோணலாக விழும். நான் எழுதினால் “ஜிலேபி போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

ஆர்டரில் பெயர் இருக்காது, நம்பர்தான். ஒரு நம்பர் தப்பினால் ஒருவன் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய் நிற்பான். அதனால் அவர் சொல்லி முடித்ததும் நான் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்பதற்கு “ஹௌது, ஹௌது” என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் இருமல் உண்டு. பின்னால் ஒரு ஃபேன் கடகடக்கும். சில நாள் கழித்து என் கன்னடத்தைக் கேட்டு, “நீங்க தமிழா?” என்றார்.

“ஆமா சார்.”

“நானும்தான். எங்கப்பா காலத்துலயே இங்க வந்துட்டோம். சரி எழுதிக்குங்க.”

அதற்குப் பிறகு ஆர்டர் முடிந்ததும் ஒரு வார்த்தை தமிழில் பேசுவார். மழை பெய்ததா, சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். ஆனால் சில நாட்களில் என்னிடம் அப்படிக் கேட்கிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கு பதிலாக வண்டிக்கு ஒருவரை அனுப்பினார்கள். கோலார் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் பெரியவர், வாட்டசாட்டமான ஆள். தலை பெரிசு. சர்க்கார் கொடுக்கிற ஹெல்மெட்டில் அவருக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான் என்று அவரே சொல்லுவார். வந்த அன்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொக்கி வரிசையைப் பார்த்தபடி நின்றார். நான்காவதில் என்னுடையது தொங்கியது.

எங்கள் ஆபீசர் நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். “சுவத்துல இன்னொண்ணு அடிச்சுடலாமே” என்றார்.

பாய் விடவில்லை. “நக்கோ சார். புதுசா கொக்கி அடிச்சா இவன் திரும்பி வரமாட்டான்னு நாமளே எழுதிக் குடுத்தாப்ல ஆவும். கெட்ட சகுனம்.”

எல்லோரும் கோலார்க்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். “பரவாயில்ல சார். அவரு வர்ற வரைக்கும்தானே. நான் சாப்பாட்டு ரூம் ஜன்னல்ல வெச்சுக்கறேன்” என்றார். அப்படியே வைத்தார். கொட்டகையைத் தாண்டி, நடையைத் தாண்டி, சாப்பாட்டு அறை. மணி அடித்தால் மற்றவர்கள் கொக்கிக்கு ஓடுவார்கள், அவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டு வருவார். கடைசியாக ஏறுகிறவர் அவர்தான். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது பின்னால் இருக்கிற டிரில் மைதானத்தில் தினமும் பழகினேன். குதிகாலை ஊன்றி நடப்பது, நுனிக்காலில் நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது. பாய் ஒரு நாள் வண்டி துடைத்துக்கொண்டே பார்த்தார்.

“என்னாபா, கொக்கு மாதிரி நிக்கிறே. மீனு கீனு வருதா?”

“போர்டுல நிக்கச் சொல்லுவாங்க பாய்.”

“நில்லு, நில்லு. சீட்டு எங்கியும் போவாது.” பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, சிரிக்காமல் சொன்னார்: “அந்தக் கோலார் ஆளு நல்லவந்தான். ஆனா பிராஞ்ச புடிச்சா அவன் பாட்டுக்குப் போறான், நம்மள பாக்கவே மாட்டேன்றான். நீ சீக்கிரம் வா.”

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நாள் இருந்தேன்.

போர்டில் டாக்டர்கள் மூன்று பேர். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வலித்தது, முகத்தில் காட்டவில்லை. பிறகு ஒரு டாக்டர், “அந்த ஸ்டூல்லேர்ந்து குதிங்க” என்றார். ஸ்டூல் முழங்கால் உயரம்கூட இல்லை. நீங்கள் இரண்டு பேரும் தினமும் அதைவிட உயரமான திண்டிலிருந்து குதித்தீர்கள். நான் குதித்தேன். கால் என்னைத் தாங்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டேன். “சரி, போங்க. ஆர்டர் வரும்” என்றார்கள். அவர்கள் குரலில் கோபமோ இரக்கமோ ஒன்றும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஸ்டேஷனில் கேட்டவர்களிடம், “ஆர்டர் வரும்னாங்க” என்றேன். உங்களிடமும் அடுத்த மாதம் என்றுதான் சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மேஜையைப் பிடித்ததை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரு காலையில் வழக்கம்போல போன் வந்தது. எல்லாம் சரியா என்றார், எல்லாம் சரி என்றேன். ஆர்டர் ஆரம்பித்தது. யாருக்கோ மைசூருக்கு டிரான்ஸ்ஃபர். யாருக்கோ லீவு. எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்ததாக எங்கள் ஸ்டேஷன் பெயரைச் சொன்னார். பிறகு ஒரு நம்பர் சொன்னார். கை எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் அது என் நம்பர் என்று கண்ணுக்குத் தெரிந்தது. மெடிக்கல் போர்டின் அறிக்கையின்படி வண்டி வேலைக்குத் தகுதியில்லை, இனி நிரந்தரமாக வாட்ச் ரூம் டியூட்டி. கோலார்க்காரரின் நம்பரைச் சொல்லி அந்த இடத்தில் அவரே தொடர்வார் என்றார்.

“ஆயித்து, முடிஞ்சுது. திருப்பிச் சொல்லுங்க.”

நான் முதலிலிருந்து சொன்னேன். மைசூர் சொன்னேன். லீவு சொன்னேன். எங்கள் ஸ்டேஷன் பெயர் சொன்னேன். என் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். தகுதியில்லை என்பதையும் சொன்னேன். அவர் “ஹௌது, ஹௌது” என்று வந்தார். ஒரு எழுத்தும் தப்பவில்லை.

ஃபேன் கடகடத்தது. அவர் இருமிவிட்டு, “அந்த ஆளு யாருங்க, உங்க ஸ்டேஷன்ல? உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார். இங்கதான் இருக்கார்.”

“வயசு என்ன இருக்கும்?”

“ரொம்ப இல்ல சார்.”

“பாவம். மனச விட்டுடப் போறாரு. உசுரு இருக்குது, சம்பளம் இருக்குது, குடும்பத்த பாத்துக்கினு இருக்கலாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன் சார்.”

“சாப்டாச்சா?”

“ஆச்சு சார்” என்றேன். ஆகவில்லை.

பலகையில் எழுதினேன். ரோல் காலில் படித்தேன். வரிசையில் நின்றவர்களுக்கு என் நம்பர் தெரியும். படிக்கும்போது யாரும் ஜிலேபி என்று சொல்லவில்லை. கலைந்து போகும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். பாய் மட்டும் வந்து என் தோளில் கையை வைத்தார். அவருக்கே ஜோக் ஒன்றும் வரவில்லை. தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது, ஆனால் கொக்கி இருக்கிறதே. நான்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. இன்றைக்கு எடுக்கலாம் என்று காலையில் நினைப்பேன். கண்ணாடி ஜன்னலுக்கு நேரே அந்தக் கொக்கி. போனைப் பார்த்தால் பாதிக் கண்ணில் அது தெரியும். சாயங்காலம் ஆகும், நாளைக்கு என்பேன். ஆபீசர் ஒரு தரம் ஜன்னல் பக்கம் வந்து, “ஏம்ப்பா…” என்றார். பிறகு “ஒண்ணும் இல்ல” என்று போய்விட்டார். யாரும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவர்கள் என் முன்னால் பேச்சைக் குறைத்தார்கள், கேரம் ஆடும்போது சத்தத்தைக் குறைத்தார்கள். ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் பக்கத்து வீட்டார் ரேடியோவைக் குறைப்பார்களே, அப்படி. அவர்கள் மரியாதைக்குத்தான் செய்தார்கள். ஆனால் அந்த நாட்களைப்போல நான் தனியாக என்றைக்கும் இருந்ததில்லை.

கோலார்க்காரர் மட்டும் மாறவில்லை. அவருடைய ஹெல்மெட் சாப்பாட்டு ரூம் ஜன்னலிலேயே இருந்தது. மணி அடித்தால் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டு வந்தார். ஒரு நாள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார். நான் அவர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“பலகைல நல்லாத்தான் எழுதறீங்க. சும்மா இவனுங்க பேச்சக் கேக்காதீங்க” என்றார். டம்ளர் காலியாகும்வரை நின்று, அதை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு அந்த மத்தியானம். பீன்யாவில் ஃபோம் மெத்தை வைத்திருக்கிற ஒரு கொடௌன் எரிகிறது என்று போன். ஃபோம் என்றால் நொடியில் பரவும், புகை விஷம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சூட்டில் அது பட்டாசு மாதிரி வெடித்துத் துண்டு துண்டாகத் தலையில் விழும். மணியை அடித்தேன், கத்தினேன். எல்லோரும் கொக்கிக்கு ஓடினார்கள். கோலார்க்காரர் சாப்பாட்டு ரூமுக்கு ஓடினார். பாய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். கோலார்க்காரர் இன்னும் வரவில்லை. உள்ளேயிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அன்று சமையல் முறைக்காரன் ஜன்னலில் கீரைக்கட்டு வைக்க ஹெல்மெட்டை எடுத்து எங்கேயோ வைத்திருக்கிறான். அவனோ வண்டியில் உட்கார்ந்திருக்கிறான்.

“ஏ, எங்கடா வெச்சே?” என்று கோலார்க்காரர் நடையிலிருந்து கத்தினார்.

“அரிசி மூட்ட மேல!”

பாய் ஹாரனை அழுத்தினார். கோலார்க்காரர் திரும்பி உள்ளே போகவில்லை. வெறுந்தலையோடு வண்டியை நோக்கி ஓடிவந்தார்.

நான் எப்போது வாட்ச் ரூமை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. நான்காவது கொக்கியில் கை போனது. ஹெல்மெட்டை எடுத்து அவர் நெஞ்சுக்கு எறிந்தேன். அவர் பிடித்தார், என்னைப் பார்த்தார், தலையில் கவிழ்த்தார். அது உச்சியில் கொட்டாங்கச்சி மாதிரி உட்கார்ந்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏறினார். இடது கதவோரம் உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

கண்ட்ரோலுக்கு போன் செய்து வண்டி கிளம்பியதைச் சொன்னேன். செருப்புகளை ஜோடி சேர்த்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன். நான்காவது கொக்கி காலியாக இருந்தது. ஹெல்மெட் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக, வட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் புகைபிடித்த சுவர். சாப்பாட்டு ரூமுக்குப் போய் அரிசி மூட்டை மேலிருந்த பெரிய ஹெல்மெட்டை எடுத்துவந்தேன். போன் அடிக்கிறதா என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு அதைத் துடைத்தேன். அந்தக் கொக்கியில் மாட்டினேன். நேராகத் தொங்குகிறதா என்று ஒரு முறை தள்ளிநின்று பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. போன் அடித்தது, யாரோ கேஸ் ஏஜென்சி என்று நினைத்து ராங் நம்பர். பதில் சொல்லி வைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நன்றாக வெயில் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. எல்லோரும் இறங்கி, கோட்டைக் கழற்றி மாட்ட வந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கோலார்க்காரர் என்னிடம் வந்தார். என் ஹெல்மெட் கறுப்பாக இருந்தது. முன்பக்கம் கூரையின் சில் ஒன்று விழுந்து கீறியிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

“உங்க தல எலுமிச்சம்பழமாட்டம்ங்க. அவ்ளோ நேரமும் புடிச்சுக்கினே இருந்தேன்.”

“ஒரு கைல பிராஞ்ச எப்டி புடிச்சீங்க?”

“எங்க புடிச்சேன். பாய் எறங்கி வந்து புடிச்சாரு.”

“ஆமா, என் தலையெழுத்து!” என்று பாய் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். “ஒருத்தனுக்குத் தல பெரிசு, ஒருத்தனுக்குக் கால் இல்ல, நடுவுல நான். டீ போடுங்கபா யாராச்சும்!”

ரொம்ப நாளைக்குப் பிறகு என் முன்னால் எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள். டீ வந்தது. கொக்கி காலி செய்கிறவனுக்குக் கொடுக்கிற டீ அதுதான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் நின்றுகொண்டே குடித்தோம். போனைவிட்டு நகர முடியாததால் நான் வாட்ச் ரூம் வாசற்படியில் நின்று குடித்தேன். குடித்து முடித்ததும் அவர்கள் பின்பக்கம் குளிக்கப் போனார்கள். மெத்தை எப்படி உருகிச் சொட்டியது என்று பேசிக்கொண்டே போனார்கள். பேச்சு தூரமாகிக்கொண்டே போய், தண்ணீர்ச் சத்தத்தில் மறைந்துவிட்டது.

ஹெல்மெட்டை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுக்க மனமில்லாமல் என் தோள்துண்டால் துடைத்தேன். கரி முழுக்கப் போகவில்லை, துண்டுதான் கறுப்பானது. மறுநாள் காலையில் கண்ட்ரோல் ரூம்காரர் எல்லாம் சரியா என்று கேட்டார். எல்லாம் சரி என்றேன். “அந்த ஆள்கிட்ட சொன்னீங்களா?” என்றார். “சொன்னேன் சார். பரவாயில்லன்னார்” என்றேன். நான்தான் அது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பிறகு அவர் ரிட்டயர்டு ஆனார். அந்த ஆர்டரையும் நான்தான் எழுதினேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அம்மா என் பையிலிருந்து அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். துண்டு கையில் வந்ததும் நின்றாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புகை வாசம். ஒரு வருஷத்துக்கு மேலாக என் துணியில் இல்லாத வாசம்.

“வண்டில ஏறினீங்களா?” என்றாள். நீங்கள் கேட்கிற அதே கேள்விதான். ஆனால் அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. அவளுக்கு பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை மாதமும் நான் வண்டியில் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, இவள் ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

“இல்ல. ஹெல்மெட் மட்டும் போச்சு. நான் இனிமே ஏற முடியாது. ஆர்டர் வந்துடுச்சு.”

அவள் குழாயடிக்குப் போனாள். துண்டை பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் திறந்தாள். கறுப்பாக வந்தது. பிழிந்து ஊற்றிவிட்டு மறுபடியும் தண்ணீர் பிடித்தாள். மறுபடியும் கறுப்பாக வந்தது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அது வெளுக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு உள்ளே வந்தபோது நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.